விமானத்துக்கு உயிர் கொடுத்த மெக்கானிக் – சார்லி டெய்லர்



விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் மூணாம் வகுப்புப் பையன்கூட ரைட் சகோதரர்கள் என்று டக்கென்று சொல்லிவிடுவான். சரி, அந்த விமானத்தில் இருந்த இன்ஜினைச் செய்தது யார்? அதில் சுழன்ற கிராங்க்ஷாஃப்டைக் கடைந்தது யார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்குப் பதில் வராது. விமானம் தானாகவா பறந்தது?

அவர் பெயர் சார்லஸ் எட்வர்ட் டெய்லர். சார்லி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். விமானப் பராமரிப்புத் துறையில் உலகம் முழுக்க மதிப்போடு சொல்லப்படும் பெயர் இது. ஆனால் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லை. அவர் விஞ்ஞானி இல்லை, பட்டம் வாங்கியவர் இல்லை. லேத்தில் நின்று, உளியும் சுத்தியலும் பிடித்த மெக்கானிக். சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஆள்! அதனால்தான் நமது ஆண்டு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதலாம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு வயதில் வேலைக்கு

சார்லி 1868-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் செரோ கோர்டோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள லிங்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா, சித்தப்பா எல்லோரும் அந்த வயதிலேயே வேலைக்குப் போனவர்கள். படிப்பு நின்றதோடு கை வேலை நின்றுவிடுவதில்லை என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சார்லியும் அப்படித்தான். இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். பிறகு கியர்னி என்ற ஊருக்குப் போய், வீட்டு வாசலில் மாட்டும் உலோக எண்களைச் செய்து விற்றார். அங்கேதான் ஹென்ரியெட்டா வெபர்ட் என்ற பெண்ணைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார்.

மனைவி வழி உறவினர்கள் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்துக்காரர்கள். நல்ல வேலை கிடைக்கும் என்று சார்லியும் டேட்டனுக்கு வந்தார். விவசாயக் கருவிகளும் சைக்கிளும் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கொஞ்ச காலம் சொந்தமாகப் பட்டறை நடத்தினார். மனைவியின் சித்தப்பா ஒருவருக்கு அந்த ஊரில் ஒரு கட்டடம் இருந்தது. அதில் வாடகைக்கு சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை, வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும்தான்! சைக்கிள் பாகங்கள் சிலவற்றைச் செய்து தரச்சொல்லி அவர்கள் சார்லியிடம் வருவார்கள். அப்படி வளர்ந்தது பழக்கம்.

1901 ஜூன் மாதம் அவர்கள் சார்லியை வேலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். சம்பளம் வாரத்துக்கு 18 டாலர். சகோதரர்கள் கிட்டி ஹாக் என்ற கடற்கரைக்குக் கிளைடர் சோதனைக்குப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டியிருந்தது. சைக்கிள் ரிப்பேர் செய்யத்தான் சார்லி சேர்ந்தார். விமானம் செய்ய இல்லை.

ஹேக்ஸா பிளேடும் காற்றுச் சுரங்கமும்

1901-இல் கிளைடர் சோதனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. அதுவரை மற்றவர்கள் எழுதி வைத்த காற்றழுத்தக் கணக்குகள் சரியில்லை என்று சகோதரர்களுக்குச் சந்தேகம் வந்தது. தாங்களே அளந்து பார்க்க முடிவு செய்து ஆறடி நீளத்தில் மரப்பெட்டி போல ஒரு காற்றுச் சுரங்கம் செய்தார்கள். அதற்குள் வைக்கும் தராசுகளுக்குப் பழைய ஹேக்ஸா பிளேடுகளைத் தேய்த்துக் கொடுத்தவர் சார்லி. நாம் ஒர்க் ஷாப்பில் முறிந்துபோனதும் மூலையில் வீசுகிறோமே, அதே ஹேக்ஸா பிளேடுதான்!

கடையில் சகோதரர்கள் இருவரும் பயங்கரமாக விவாதம் செய்வார்களாம். ஆனால் கோபம் கிடையாது. முதல் நாள் இரவு முழுக்க ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. மறுநாள் காலையில் வந்தால் இருவரும் கட்சி மாறி, இவர் சொன்னதை அவரும் அவர் சொன்னதை இவரும் வாதாடிக்கொண்டிருப்பார்களாம். சார்லி இதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பார்.

சுரங்கத்தில் எடுத்த அளவுகளை வைத்து 1902-இல் புதுக் கிளைடர் செய்தார்கள். அது அருமையாகப் பறந்தது. இனி பாக்கி இருந்தது இரண்டே இரண்டு: ஒரு இன்ஜின், அதன் சக்தியைத் தள்ளுவிசையாக மாற்ற புரொப்பெல்லர்.

யாரும் தராத இன்ஜின்

அவர்களுக்குத் தேவைப்பட்டது குறைந்தபட்சம் 8 குதிரைசக்தி தரும் இன்ஜின். எடை 180 பவுண்டு, அதாவது சுமார் 82 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பல மோட்டார் கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். அவ்வளவு லேசாகச் செய்துதர ஒருவரும் முன்வரவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று மூவரும் இறங்கினார்கள்.

அதுவரை சார்லிக்கு பெட்ரோல் இன்ஜினில் என்ன அனுபவம் தெரியுமா? 1901-இல் ஒரே ஒரு காரின் இன்ஜினை ரிப்பேர் செய்ய முயன்றது. அவ்வளவுதான்!

பட்டறையில் என்னென்ன மெஷின் இருந்தது? ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். இரண்டும் பெல்ட்டில் ஓடும். பெல்ட்டைச் சுற்ற, சகோதரர்களே முன்பு செய்து வைத்திருந்த ஒற்றை சிலிண்டர் கேஸ் இன்ஜின். மில்லிங் மெஷின் கிடையாது. முறையான டிராயிங்கும் கிடையாது. எந்தப் பாகம் செய்ய வேண்டுமோ, அதை மூவரில் ஒருவர் துண்டுக் காகிதத்தில் கிறுக்குவார். சார்லி அந்தக் காகிதத்தைப் பெஞ்சுக்கு மேலே ஒரு ஆணியில் குத்திவைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

நாலு சிலிண்டர், படுக்கைவாட்டு இன்ஜின். போர் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 4 அங்குலம். எடையைக் குறைக்க கிராங்க்கேஸை அலுமினியத்தில் வார்த்தார்கள். டேட்டனிலேயே ஒரு ஃபவுண்டரியில் வார்த்த அந்த அலுமினியத்தில் சுமார் 8 சதவீதம் செம்பு கலந்திருந்தது. சிலிண்டர்கள் வார்ப்பிரும்பு. அதையெல்லாம் லேத்தில் கடைந்து பொருத்தியவர் சார்லி.

இந்த இன்ஜினில் இன்று நாம் பார்க்கும் கார்புரேட்டர் கிடையாது. மேலே கட்டிய சின்ன டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும். சூடான பாகத்தில் பட்டு ஆவியாகிக் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகும். ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு கான்டாக்ட் முனைகள் சேர்ந்து பிரியும்போது வரும் பொறியில் எரியும். இன்லெட் வால்வுக்கு கேம் இல்லை, பிஸ்டன் இழுக்கும் உறிஞ்சலிலேயே திறக்கும். எவ்வளவு எளிமை பாருங்கள்!

எஃகுப் பலகையிலிருந்து கிராங்க்ஷாஃப்ட்

இப்போது நம் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். கிராங்க்ஷாஃப்ட்!

பிஸ்டன் முன்னும் பின்னும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்ஷாஃப்ட் என்று நமக்குத் தெரியும். இன்று அதை ஃபோர்ஜிங் செய்து, சி.என்.சி. மெஷினில் கடைந்து, கிரைண்டிங் செய்து எடுக்கிறார்கள். சார்லியிடம் அப்படி எதுவும் இல்லை. அவர் எடுத்தது ஒரு கனமான டூல் ஸ்டீல் பலகை. நீளம் 31 அங்குலம், அகலம் 6 அங்குலம், தடிமன் 1 5/8 அங்குலம். எடை சுமார் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. அரிசி மூட்டையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையில் எப்படி கிராங்க்ஷாஃப்ட் வரும் என்று கேட்கலாம். நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் பின்கள் எல்லாம் ஒரே தளத்தில்தான் இருக்கும். முதலாவதும் நாலாவதும் ஒரு பக்கம், நடுவில் உள்ள இரண்டும் எதிர்ப்பக்கம். ஆகவே தட்டையான பலகையிலேயே முழு உருவத்தையும் வரைந்துவிடலாம். சார்லி அப்படித்தான் மார்க்கிங் போட்டார். பிறகு கோட்டை ஒட்டி டிரில்லிங் மெஷினில் வரிசையாகத் துளை போட்டார். துளைக்குப் பக்கத்தில் துளை, துளைக்குப் பக்கத்தில் துளை. நாம் ஃபிட்டிங் ஷாப்பில் செய்யும் செயின் டிரில்லிங்தான் இது! துளைகள் நெருங்கியதும் உளியும் சுத்தியலும் கொண்டு வேண்டாத இரும்பைத் தட்டி உதிர்த்தார். மிஞ்சிய முரட்டு உருவத்தை லேத்தில் மாட்டிக் கடைந்தார்.

கிராங்க் பின்னைக் கடைவது லேசான வேலையா? சென்டரை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் முழுப் பலகையும் வீண். முடிவில் கிராங்க்ஷாஃப்ட்டின் எடை 19 பவுண்டு, அதாவது எட்டரை கிலோ சொச்சம். பாக்கி 81 பவுண்டும் சுருளாகவும் தூளாகவும் தரையில் கிடந்தது. ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு நாலு பங்கைக் கழித்திருக்கிறார். கடைந்து முடித்துப் பார்த்தால் பேலன்ஸ் கச்சிதமாக இருந்தது.

இன்ஜினைச் செய்து முடிக்க எடுத்துக்கொண்டது ஆறே வாரம். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி முதன்முறையாக ஓட்டினார்கள். ஆனால் மறுநாளே சோதனை. சொட்டிய பெட்ரோல் பேரிங்குகளில் இறங்க, பேரிங் இறுகிப் பிடித்து, கிராங்க்கேஸ் உடைந்துவிட்டது. சார்லி அசரவில்லை. மறுபடி வார்த்து வாங்க ஏப்ரல் மாதம் ஆனது. மறுபடி கடைந்தார், மறுபடி பூட்டினார். இந்த முறை இன்ஜின் 12 குதிரைசக்தி தந்தது. கேட்டது 8, கிடைத்தது 12! கூடுதலாகக் கிடைத்த சக்தியால் விமானத்தைக் கொஞ்சம் கனமாகவும் உறுதியாகவும் கட்ட முடிந்தது.

திருகு போல ஒரு விசிறி

புரொப்பெல்லருக்கும் தயார் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. கப்பல் புரொப்பெல்லர் பற்றிய புத்தகங்களைப் புரட்டினாலும் பயன் இல்லை. சுழன்றுகொண்டே போகும் இறக்கைதான் புரொப்பெல்லர் என்று சகோதரர்கள் கண்டுகொண்டார்கள். ஸ்புரூஸ் மரப்பட்டைகளை ஒட்டிச் செதுக்கி எட்டரை அடி விட்டத்தில் இரண்டு செய்தார்கள்.

திருகுக்குப் பிட்ச் இருப்பது போலப் புரொப்பெல்லருக்கும் பிட்ச் உண்டு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே அது. ரைட் புரொப்பெல்லரில் தகடுகளின் கோணம் செதுக்கியபோதே தீர்மானம் ஆனது. பறக்கும்போது மாற்ற முடியாது. இதைத்தான் ஃபிக்ஸட் பிட்ச் என்கிறார்கள். கோணத்தை மாற்ற முடியாத புரொப்பெல்லர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இன்ஜினோ நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று. எட்டரை அடி விசிறிக்கு அது அதிகம். அதனால் சைக்கிள் கடைக்காரர்கள் சைக்கிள் வழியையே பிடித்தார்கள். ஸ்பிராக்கெட், செயின்! 23-க்கு 8 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைத்து, புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு சுமார் 350 சுற்று சுற்றும்படி செய்தார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல, ஒரு செயினை மட்டும் 8 போலக் குறுக்கே போட்டார்கள்.

ஷாஃப்ட் உடைந்தது, சார்லி செய்தார்

1903 செப்டம்பரில் சகோதரர்கள் விமானத்தைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக் கிட்டி ஹாக் கொண்டுபோனார்கள். சார்லி டேட்டனில் கடையில்.

நவம்பர் 5-ஆம் தேதி இன்ஜினை ஓட்டியபோது சரியாக எரியாமல் குலுக்கியது. அந்தக் குலுக்கலில் புரொப்பெல்லர் ஷாஃப்டுகள் பழுதாகின. அவை குழாயால் ஆனவை. பார்சலில் டேட்டனுக்கு வந்தன. சார்லி இன்னும் தடித்த குழாயில் செய்து அனுப்பினார். வந்து மாட்டினால் ஸ்பிராக்கெட் கழன்றுகொண்டே இருந்தது. சைக்கிள் டயரை ரிம்மில் ஒட்டும் சிமெண்டை உருக்கி ஊற்றி அதை இறுக்கினார்கள். அந்தச் சிக்கல் தீர்ந்தது. நவம்பர் 28-இல் பார்த்தால் ஷாஃப்டில் மறுபடி விரிசல்!

இந்த முறை ஆர்வில் தானே ரயிலேறி டேட்டனுக்கு வந்தார். குழாயே வேண்டாம், திட எஃகில் செய்வோம் என்று முடிவானது. பழைய குழாயைவிட விட்டத்தைக் குறைத்தார்கள். ஏன் தெரியுமா? சிறிய விட்டமுள்ள திட ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். ஸ்பிரிங் மாதிரி குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும். தடித்தால் பலம் என்று நாம் நினைப்போம். வளைந்துகொடுப்பதும் பலம்தான் என்பதை அந்த ஷாஃப்ட் காட்டியது. ஆர்வில் அதை எடுத்துக்கொண்டு டிசம்பர் 11-ஆம் தேதி திரும்பினார்.

1903 டிசம்பர் 17. குளிர், பலத்த காற்று. முதல் பறப்பு ஆர்வில், 12 விநாடி, 120 அடி. அன்றைக்கு நாலாவது முறை வில்பர் பறந்தது 59 விநாடி, 852 அடி. உலகமே மாறிய அந்தக் காலையில் சார்லி எங்கே இருந்தார்? டேட்டனில், கடையில். அவர் கடைந்த கிராங்க்ஷாஃப்ட் மட்டும் அங்கே சுழன்றுகொண்டிருந்தது.

அந்த கிராங்க்ஷாஃப்ட் எங்கே?

நாலாவது பறப்பு முடிந்து எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டது. இன்ஜின் பழுதானது. அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. பாகங்களைப் பெட்டியில் போட்டு டேட்டனுக்குக் கொண்டுவந்தார்கள்.

1906-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சிக்கு அந்த கிராங்க்ஷாஃப்டையும் ஃப்ளைவீலையும் அனுப்பினார்கள். அவை திரும்பி வரவே இல்லை! 1916-இல் விமானத்தை மறுபடி கோத்துக் காட்சிக்கு வைக்கும்போது வேறொரு ரைட் இன்ஜினின் கிராங்க்ஷாஃப்டைத்தான் போட வேண்டியிருந்தது. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் விமானத்தின் இன்ஜினில், 100 பவுண்டு பலகையிலிருந்து பிறந்த அந்த 19 பவுண்டு கிராங்க்ஷாஃப்ட் இல்லை. செய்தவருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மைதானத்தில் சார்லி

1904, 1905 இரண்டு ஆண்டுகளும் டேட்டன் பக்கத்தில் ஹஃப்மன் பிரெய்ரி என்ற மேய்ச்சல் நிலத்தில் பயிற்சி நடந்தது. விமானத்தைக் கொட்டகையிலிருந்து இழுத்து வைப்பது, இன்ஜினைத் தயார் செய்வது, பறந்து விழுந்ததை ஒட்டுப்போடுவது எல்லாம் சார்லி. 1905 அக்டோபர் 5-இல் வில்பர் வட்டமடித்து வட்டமடித்து 39 நிமிடத்தில் 24 மைல் பறந்தார். இரண்டு வருஷத்தில் 59 விநாடி எங்கே, 39 நிமிடம் எங்கே!

1908-இல் அமெரிக்க ராணுவத்துக்குப் பறந்து காட்ட ஆர்வில் ஃபோர்ட் மையர் போனபோது சார்லியும் போனார். செப்டம்பர் 17-ஆம் தேதி ஆர்வில் லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற அதிகாரியை ஏற்றிக்கொண்டு பறந்தார். நடுவானில் ஒரு புரொப்பெல்லரில் விரிசல் விட்டது. அந்தப் பக்கம் அதிர்வு எடுத்து, தகடு பின்பக்கச் சுக்கானைப் பிடித்திருந்த கம்பியில் மோதியது. விமானம் தலைகீழாக விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். விசை விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். ஆர்வில் படுகாயத்தோடு தப்பினார்.

ஓடிப்போய் அவர்களை வெளியே எடுத்தவர்களில் சார்லியும் ஒருவர். அன்றைக்கு அவர் கலங்கி அழுததைப் பலரும் பார்த்தார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைந்த பாகங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் காரணம் தேடினார். அழுத கைதான் ஆராயவும் வேண்டும். மெக்கானிக்கின் வேலை அப்படிப்பட்டது. மரத்தில் விட்ட ஒரு கீறல் ஓர் உயிரை எடுத்துவிட்டதே!

சார்லிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ரொம்ப ஆசை. சகோதரர்கள் கடைசிவரை அதை ஊக்குவிக்கவில்லை. தரையில் அவர் தேவைப்பட்டார். 1909 செப்டம்பரில் வில்பர் நியூயார்க்கில் சுதந்திரதேவி சிலையைச் சுற்றிப் பறந்தார். தண்ணீரில் விழுந்தால் மிதக்க விமானத்தின் அடியில் ஒரு படகு கட்டியிருந்தது. அதைக் கட்டித்தந்தது சார்லி. பறந்தது வில்பர்.

1911-இல் கால் ரோஜர்ஸ் என்ற விமானி அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காக விமானத்தில் கடக்கக் கிளம்பினார். கூடவே தண்டவாளத்தில் உதிரிபாகங்களோடு ஒரு ரயில். சார்லிக்கு அப்போது வாரச் சம்பளம் 25 டாலர். ரோஜர்ஸ் ஒரு நாளைக்கே 10 டாலர் தருவதாகக் கூப்பிட்டார். வேலையை விட வேண்டாம், விடுப்பில் போ என்று ஆர்வில் அனுப்பிவைத்தார். செப்டம்பர் 17-இல் நியூயார்க்கில் கிளம்பிய விமானம் நவம்பர் 5-இல் கலிஃபோர்னியாவில் பாசடீனாவைத் தொட்டது. வழியெல்லாம் விழுந்து விழுந்து, மாற்றி மாற்றி, கிளம்பியபோது இருந்த பாகங்களில் கடைசிவரை வந்தவை ரொம்பக் கொஞ்சம். அந்தப் பயணத்தில் விமானியின் பெயர்தான் பேப்பரில் வந்தது. ரயிலில் வந்த மெக்கானிக்குகள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

மறந்துபோன மனிதர்

1912-இல் வில்பர் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். சில ஆண்டுகளில் ஆர்வில் கம்பெனியை விற்றுவிட்டார். சார்லி ஆர்விலோடு கொஞ்ச காலம் இருந்து, 1928-இல் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனார். சேமிப்பை சால்ட்டன் ஏரிப் பக்கம் நிலத்தில் போட்டார். அது கைகொடுக்கவில்லை. மனைவியும் இறந்துபோனார். பொருளாதார வீழ்ச்சிக் காலம் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் சாதாரண மெஷின் ஷாப் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதல் விமான இன்ஜினைச் செய்தவர் பக்கத்து மெஷினில் நிற்கிறார் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மோட்டார் மன்னர் ஹென்றி ஃபோர்டு ரைட் சைக்கிள் கடைக் கட்டடத்தை வாங்கி, மிச்சிகன் மாநிலத்தில் தனது அருங்காட்சியகக் கிராமத்தில் அப்படியே நிறுத்த நினைத்தார். எந்த மெஷின் எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டுமே! தேடிக் கண்டுபிடித்து 1937-இல் சார்லியைக் கூட்டிவந்தார். 1938-இல் கடை திறக்கப்பட்டது. சார்லி சில ஆண்டுகள் அங்கே இருந்து, முதல் இன்ஜினைப் போலவே ஒன்றைச் செய்து கொடுத்தார். 1941-இல் கலிஃபோர்னியா திரும்பி மறுபடி தொழிற்சாலை வேலை. 1945-இல் மாரடைப்பு வந்தது. அதற்குமேல் நின்று வேலை செய்ய உடம்பு இடம் தரவில்லை.

1948 ஜனவரி 30-ஆம் தேதி ஆர்வில் இறந்தார். தன் உயிலில் சார்லிக்கு ஆண்டுக்கு 800 டாலர் எழுதி வைத்திருந்தார். நன்றி மறக்கவில்லை. ஆனால் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. அது போதவில்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஆஸ்பத்திரியின் தர்ம வார்டில் சார்லி படுத்திருப்பதை ஒரு பத்திரிகையாளர் கண்டு எழுதினார். அதன்பிறகுதான் விமானத் துறையினர் பணம் திரட்டி அவரை நல்ல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். சில மாதம்தான். 1956 ஜனவரி 30-ஆம் தேதி, ஆர்வில் இறந்த அதே தேதியில், 87 வயதில் சார்லி காலமானார்.

இன்றும் அதே வேலை

நண்பர்களே, இது பழைய கதை, நமக்கு என்ன என்று தோன்றலாம். இன்றைய சின்ன விமானம் ஒன்றைப் பாருங்கள். இப்போது செயின் இல்லை. கிராங்க்ஷாஃப்ட்டின் முன் ஃபிளான்ஜிலேயே புரொப்பெல்லரை போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். பறக்கும்போது கோணம் மாறும் புரொப்பெல்லர் என்றால் அதற்கு எண்ணெய் அழுத்தம் வேண்டும். அந்த எண்ணெய் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்பக்கத் துவாரம் வழியாகத்தான் போகிறது. லைகோமிங் இன்ஜினில் அந்தத் துவாரத்துக்குள் ஒரு பிளக் எண்ணெயைத் திரும்பிப் போகவிடாமல் தடுத்து நிற்கும்.

அதே இன்ஜினில் ஃபிக்ஸட் பிட்ச் புரொப்பெல்லரைப் போட வேண்டுமானால் கிராங்க்ஷாஃப்ட்டை மாற்றியமைக்க வேண்டும். எண்ணெய் வெளியே வராதபடி முன்பக்கத்தில் ஒரு பிளக் அடிக்க வேண்டும். அதோடு நின்றால் போதாது. உள்ளே இருக்கும் பிளக்கில் ஒரு சின்னத் துளை போட வேண்டும். ஏன்? முன் பேரிங்கிலிருந்து எண்ணெய் அந்தத் துவாரத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். துளை இருந்தால் அது கிராங்க்கேஸுக்கே வடிந்துவிடும். துளை இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி முன் பிளக்கையே வெளியே தள்ளிவிடும். எண்ணெய் முழுக்க வெளியே போய் நடுவானில் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

ஒரு பென்சில் கூட நுழையாத துளை. அதைப் போட்டாரா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏறி உட்காரும் பயணிக்குத் தெரியாது. போட்டவருக்கும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். 1903-இல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சார்லி செய்த வேலையும், இன்று ஒரு ஹேங்கரில் யாரோ ஒரு மெக்கானிக் செய்யும் வேலையும் ஒன்றுதான். யாரும் பார்க்காத இடத்தில் சரியாகச் செய்வது.

அமெரிக்காவில் 50 ஆண்டுகள் விமான மெக்கானிக்காகப் பணியாற்றியவர்களுக்கு சார்லஸ் டெய்லர் பெயரில் விருது தருகிறார்கள். அவர் பிறந்த மே 24-ஆம் தேதி விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தர்ம வார்டில் கிடந்தவருக்குக் காலம் கடந்து கிடைத்த மரியாதை.

டிப்ளமோதானே, மெக்கானிக்தானே என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். 1903 டிசம்பர் 17-இல் எடுத்த புகைப்படத்தை எடுத்துக் காட்டுங்கள். எல்லோரும் பார்த்த படம்தான். விமானம் தரையிலிருந்து எழும்பியிருக்கும். கீழ் இறக்கையில் ஆர்வில் படுத்திருப்பார். பக்கத்தில் வில்பர் நிற்பார். ஆர்விலுக்கு வலப்பக்கத்தில் இறக்கையின் மேல் இன்ஜின் இருக்கும். சார்லி டெய்லர் அந்தப் படத்தில் இருப்பது அங்கேதான்.

வாழ்க தொழில்நுட்பக் கல்வி! வளர்க நம் மாணவர் பேரவை!